உப்பளப் பருவமும் பொதுத்தேர்வும்: மரக்காணம் கடற்கரை

மரக்காணம் உப்பளங்களில் ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகள் செப்பனிடப்பட்டு உவர்நீர் பாய்ச்சப்படுகிறது. வெயில் ஏற ஏற விளைச்சல் பெருகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளோ வழக்கமாக மார்ச், ஏப்ரல் திங்கள்களில் நடைபெறுகின்றன. வீட்டுக்குக் கூலி வரும் பருவத்திலேயே பிள்ளைகளின் தேர்வும் வந்து அமைகிறது.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. அந்நூல் கொற்கைப் பகுதியைப் பாடுமிடத்து, உப்பு வண்டிகளோடு உமணர்தம் பிள்ளைகளும் காட்சி தருகின்றனர். உப்பு வாழ்க்கையில் குடும்பம் முழுவதும் ஈடுபட்டமை பழமையானது.

1805-இல் கும்பினி ஆட்சி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் அதன் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. வருவாய்க்காக உப்புப் பருவத்தை நன்கு அறிந்திருந்த அரசு, கல்விக்காக அதனைப் பொருட்படுத்தவில்லை. 1911-இல் தொடங்கிய எஸ்.எஸ்.எல்.சி. தேர்வும், 1978-இல் அறிமுகமான மேல்நிலைக் கல்வியும் நெல்வயலுக்கும் நகரத்துக்கும் உப்பளத்துக்கும் ஒரே நாட்காட்டியையே வகுத்தன.

2011 கணக்கெடுப்பில் மரக்காணத்தை உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு; மாநிலத்தில் அது 80. மாவட்டப் பெண்களிடையே 64 விழுக்காட்டுக்கும் குறைவு. பெற்றோர் கல்வி, தொழில், பாலினம் ஆகியவற்றை ஆய்வுகள் தனித்தனிக் காரணிகளாகப் பட்டியலிடுவது வழக்கம். உப்பள வீட்டில் அவை பிரிந்து நிற்பதில்லை. விடியுமுன் தாயும் தந்தையும் உப்பு வாரச் சென்றால், சமையலும் தம்பி தங்கையரைக் காத்தலும் பெரும்பாலும் மூத்த பெண்ணின் பொறுப்பாகின்றன. தேர்வுக்கு முந்தைய வாரங்களின் வருகைக் குறைவு அவளிடமிருந்தே தொடங்குகிறது.

2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வை மாநிலமெங்கும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுத வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வின்றித் தேர்ச்சி பெற்ற அணியினர் அவர்கள் என்ற விளக்கம் பொருத்தமானதே. ஆயினும் அவர்கள் எத்தகைய வீடுகளிலிருந்து விலகினர் என்பதை அது சொல்வதில்லை. மாவட்ட வாரியான எண்ணிக்கையிலும் அளத்துப் பிள்ளை தனியே தெரிவதில்லை.

2022-இல் தமிழக அரசு, வேலையற்ற மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. உப்பளத்தின் பருவம் இவ்வாறு அரசாணையில் இடம்பெற்றது. தேர்வு அட்டவணையில் இன்னும் இடம்பெறவில்லை.