கிரைஸ் ஃபியோர்ட்: உறைபனியில் குடியேற்றப்பட்ட இனுயிட் மக்கள்

கிரைஸ் ஃபியோர்ட், கனடாவின் நூனாவுட் ஆட்சிப்பகுதியில், எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் உள்ள சிற்றூர். கனடாவில் பொதுமக்கள் குடும்பமாக வாழும் ஊர்களுள் மிக வடக்கே இருப்பது இதுவே. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 144. பெரும்பாலோர் இனுயிட் பழங்குடியினர்.

இத்தீவில் பழங்கால மக்கள் வாழ்ந்த தடயங்கள் உண்டு. ஆனால் அந்த வாழ்விடங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டுவிட்டன. இன்றைய ஊரின் வரலாறு, 1953-இல் கனடா அரசு கப்பலில் ஏற்றிவந்து இறக்கிய குடும்பங்களிலிருந்து தொடங்குகிறது.

பெயர்

நார்வே நாட்டு ஆய்வுப் பயணி ஓட்டோ ஸ்வெர்ட்ரப் இங்குள்ள கடற்கழிக்குக் கிரைஸ் ஃபியோர்ட் எனப் பெயரிட்டார். நார்வே மொழியில் இதற்குப் பன்றிக் கழி என்று பொருள். வால்ரஸ்களின் ஒலி அவருக்குப் பன்றியின் உறுமலாகக் கேட்டது. இனுயிட் மக்கள் இவ்வூரை அவுசுயிட்டுக் என்கின்றனர். ஒருபோதும் உருகாத இடம் என்பது அதன் பொருள்.

குடியேற்றம்

குடியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக்கைச் சேர்ந்தவர்கள். நரித்தோல் விலை வீழ்ந்ததால் அங்கு வறுமை நிலவியது. வேட்டை வளம் மிகுந்த வடக்கே சென்றால் அரசு உதவியை நம்பாமல் வாழலாம் என்றும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றும் அம்மக்களிடம் கூறப்பட்டது.

அது பனிப்போர்க் காலம். ஆளில்லாத வடதீவுகளில் அமெரிக்காவின் நடமாட்டம் பெருகியிருந்தது. அத்தீவுகளின் மீது தனக்குள்ள உரிமையை நிலைநாட்டக் கனடா அரசு தங்களை மனிதக் கொடிக்கம்பங்களாக நட்டுவைத்தது என்பது அம்மக்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு.

'சி.டி. ஹோவ்' என்னும் கப்பலில் அவர்கள் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். எல்லோரும் ஒரே இடத்துக்குச் செல்லவில்லை என்பது கப்பலில்தான் தெரிந்தது. சிலர் எல்ஸ்மியர் தீவிலும் மற்றவர்கள் கார்ன்வாலிஸ் தீவின் ரெசொலூட்டிலும் இறக்கப்பட்டனர். உறவினர்கள் பிரிந்தனர். 1955-இல் மேலும் சில குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) ஆவணப்படத்தை எடுத்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் மகன் ஜோசஃபியும் அவர்களில் ஒருவர். அந்தப் படம் இனுக்ஜுவாக் பகுதியில் எடுக்கப்பட்டது.

வாழ்க்கை

இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் நாள்தோறும் சூரியன் உதிக்கும். எல்ஸ்மியரிலோ நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் மீண்டும் தெரியும். முதல் குளிர்காலத்தை அவர்கள் கூடாரங்களில் கழித்தனர். ஊரில் ஆற்றுநீர் குடித்தவர்கள் இங்கு பனிப்பாறைத் துண்டுகளை வெட்டிவந்து உருக்கினர். கரிபூ மான் வேட்டைக்குக் கட்டுப்பாடு இருந்தது. கஸ்தூரி எருதை வேட்டையாடத் தடை இருந்தது.

வடக்கின் வாழ்க்கைமுறையைக் கற்றுத்தரப் பாண்ட் இன்லெட்டிலிருந்து சில இனுயிட் குடும்பங்களும் அழைத்துவரப்பட்டன. ஆனால் இரு தரப்பினரின் வழக்குமொழியும் பழக்கங்களும் வேறு. இருளில் சீல் வேட்டையாடவும், புதிய கடற்பனியின் போக்கை அறியவும் கற்றுக்கொண்டு அவர்கள் பிழைத்தனர். இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது, திரும்ப அழைத்துச்செல்வதாகச் சொன்ன வாக்கு நிறைவேற்றப்படவில்லை.

நீதி கோரல்

1980-களில் அம்மக்கள் இழப்பீடும் மன்னிப்பும் கோரினர். அப்பதிற்றாண்டின் இறுதியில் சிலர் இனுக்ஜுவாக்குக்குத் திரும்பினர். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ வடக்கே சொந்த ஊராகியிருந்தது. எனவே திரும்பியபோதும் குடும்பங்கள் மீண்டும் பிரிந்தன.

பழங்குடி மக்களுக்கான அரச ஆணையம் 1993-இல் அவர்களின் சாட்சியங்களைக் கேட்டது. 1994-இல் வெளியிட்ட அறிக்கையில் அரசைக் கண்டித்து, மன்னிப்பும் இழப்பீடும் தேவை என்றது. 1996-இல் ஒரு கோடி கனடிய டாலர் அறக்கட்டளை நிதி அமைக்கப்பட்டது. மன்னிப்புக்கு மேலும் 14 ஆண்டுகள் ஆயின. 2010 ஆகஸ்ட் 18 அன்று அமைச்சர் ஜான் டங்கன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

நினைவுச்சின்னங்கள்

2010-இல் இரு ஊர்களிலும் சிலைகள் நிறுவப்பட்டன. கிரைஸ் ஃபியோர்ட் சிலையை லூட்டி பிஜமினி செதுக்கினார். அதில் ஒரு பெண்ணும் சிறுவனும் நிற்கின்றனர். ரெசொலூட்டில் சிமியோனி அமகோலிக் செதுக்கிய ஆண் தனியே நிற்கிறான். கப்பலில் பிரிக்கப்பட்ட குடும்பங்களின் நினைவாக அவை இரு தீவுகளில் நிற்கின்றன.