எடை குறைந்த லினக்ஸ் பணிமேடைச் சூழல்களின் வரலாறு

கணினித் திரையில் காணப்படும் பட்டிகள், சாளரங்கள், படவுருக்கள், கோப்பு மேலாளர் முதலியவற்றை ஒருங்கே வழங்கும் மென்பொருள் தொகுதி பணிமேடைச் சூழல் எனப்படுகிறது. டெஸ்க்டாப் சூழல் என்றும் இதனை வழங்குவர். விண்டோஸ், மேக் ஆகியவற்றில் இது இயங்குதளத்தோடு பிணைந்தே வருகிறது. லினக்சிலோ இது கழற்றி மாட்டத்தக்க தனிப் பகுதியாகும். புதிய கணினியில் பளிச்சென்ற சூழலையும், பத்து ஆண்டுகள் பழைய கணினியில் எளிய சூழலையும் ஒரே லினக்சின் மீது நிறுவலாம். பழைய கணினிகள் குப்பைக்குப் போகாமல் மேலும் சில ஆண்டுகள் உழைப்பதற்கு இந்தப் பிரிவினையே அடிப்படையாக உள்ளது.

தோற்றம்

இப்பிரிவினையின் வேர் 1984 ஆம் ஆண்டில் உள்ளது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அத்தீனா திட்டம் என்ற பெயரில் மாணவர்களுக்கான கணினி வலையமைப்பு உருவாக்கப்பட்டு வந்தது. அதில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் இருந்தன. அவை அனைத்திலும் ஒரே முறையில் சாளரங்களைக் காட்டுவதற்காக பாப் ஷீஃப்லர், ஜிம் கெட்டிஸ் முதலியோர் எக்ஸ் சாளர முறைமையை உருவாக்கினர். அதன் பதினொன்றாம் பதிப்பு 1987 செப்டம்பரில் வெளியானது.

எக்ஸ் முறைமை திரையில் வரையும் வசதியை மட்டுமே தரும். சாளரத்தின் விளிம்பு எப்படி இருக்க வேண்டும், பட்டி எங்கே இருக்க வேண்டும் என்பவற்றை அது தீர்மானிப்பதில்லை. அப்பொறுப்பு சாளர மேலாளர் என்னும் வேறொரு நிரலிடம் விடப்பட்டது. இதனால் பலரும் தத்தம் விருப்பப்படி சாளர மேலாளர்களை எழுதினர். 1993 இல் எச்.பி., ஐ.பி.எம்., சன் முதலிய யுனிக்ஸ் நிறுவனங்கள் கூடி, சி.டி.இ. என்ற பொதுவான பணிமேடைச் சூழலை அறிவித்தன. அது தனியுரிமை மென்பொருள். லினக்ஸ் பயனர்கள் அதனைக் கட்டற்ற முறையில் பெற வழியில்லை.

உரிமச் சிக்கல்

1996 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கே.டி.இ. திட்டத்தை அறிவித்தார். சாதாரணப் பயனருக்கும் ஏற்ற, ஒரே சீரான தோற்றமுள்ள சூழலைத் தருவதே அவர் நோக்கம். அதற்கு நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்தின் க்யூட் என்ற கருவித்தொகுதியை அவர் பயன்படுத்தினார். அன்று க்யூட் முழுமையான கட்டற்ற உரிமத்தில் இல்லை. இதனை ஏற்காத மிகேல் டி இகாசா, ஃபெடரிகோ மேனா ஆகிய மெக்சிகோ நாட்டு நிரலர்கள் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். அது ஜி.டி.கே. என்ற கட்டற்ற கருவித்தொகுதியின் மீது எழுந்தது. 2000 ஆம் ஆண்டில் க்யூட் பொது மக்கள் உரிமத்தின் கீழ் வந்து சிக்கல் தீர்ந்தது. அதற்குள் இரு பெரும் சூழல்களும் வேரூன்றிவிட்டன.

எக்ஸ்.எஃப்.சி.இ.

இதே காலத்தில், 1996 இல், பிரான்சைச் சேர்ந்த ஒலிவியே ஃபுர்தான், சி.டி.இ.யின் தோற்றத்தைப் பின்பற்றி ஓர் எளிய சூழலை எழுதத் தொடங்கினார். எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கருவித்தொகுதியில் எழுதப்பட்டதால் அதற்கு எக்ஸ்.எஃப்.சி.இ. எனப் பெயரிட்டார். ஆனால் எக்ஸ்ஃபார்ம்ஸ் அப்போது மூல நிரல் வெளியிடப்படாத மென்பொருளாக இருந்தது. அதனால் ரெட் ஹாட் லினக்ஸ் இச்சூழலைத் தன் வழங்கலில் சேர்க்க மறுத்தது. ஃபுர்தான் முழு நிரலையும் ஜி.டி.கே.யில் மீண்டும் எழுதி, 1999 இல் மூன்றாம் பதிப்பாக வெளியிட்டார்.

2003 இல் வந்த நான்காம் பதிப்பு, தனித்தனிப் பகுதிகளின் தொகுப்பாக மறுபடியும் வடிவமைக்கப்பட்டது. இன்றும் அந்த நான்காம் வரிசையே தொடர்கிறது. 4.12 பதிப்பு 2015 இல் வெளிவந்தபின் 4.14 பதிப்பு 2019 இல்தான் வந்தது. இந்த நிதானத்தைச் சிலர் குறையாகக் கூறுவர். எனினும், மெனு எங்கே இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை என்பது பள்ளி, அலுவலகப் பயனர்களுக்கு நன்மையே.

குறுங்கணினிகளின் காலம்

2006 இல் தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ, பிசிமேன்எஃப்எம் என்ற கோப்பு மேலாளரை எழுதினார். அதிலிருந்து எல்.எக்ஸ்.டி.இ. என்ற சூழல் வளர்ந்தது. அடுத்த ஆண்டே ஆசுஸ் ஈ பிசி என்ற குறுங்கணினி சந்தைக்கு வந்தது. ஏழு அங்குலத் திரையும் 512 எம்.பி. நினைவகமும் கொண்ட அக்கணினி லினக்சுடன் விற்கப்பட்டது. சிறிய கணினிகள் பெருகியபோது எல்.எக்ஸ்.டி.இ. போன்ற சூழலுக்குத் தேவையும் பெருகியது. 2011 இல் லுபுண்டு, உபுண்டுவின் அதிகாரப்பூர்வ வழங்கலாக ஏற்கப்பட்டது. 2012 இல் வந்த ராஸ்பெரி பை கணினியின் ராஸ்பியன் இயங்குதளமும் எல்.எக்ஸ்.டி.இ.யையே ஏற்றது.

ஜி.டி.கே.யின் மூன்றாம் பதிப்பில் நிறைவு காணாத ஹாங் ஜென் யீ 2013 இல் க்யூட்டின் பக்கம் திரும்பினார். ரேசர்-க்யூட்டி என்ற மற்றொரு திட்டமும் இணைந்து, 2014 மே மாதம் எல்.எக்ஸ்.க்யூ.டி. வெளியானது. லுபுண்டு 2018 இல் அதற்கு மாறியது.

2011 ஆம் ஆண்டுப் பிளவு

2008 இல் கே.டி.இ.யின் நான்காம் பதிப்பும், 2011 இல் க்னோமின் மூன்றாம் பதிப்பும் பழைய அமைப்பை அடியோடு மாற்றின. க்னோமின் புதிய முகப்புக்கு முப்பரிமாண வரைகலை வசதி தேவைப்பட்டது. பழைய கணினிகள் திணறின. பழகிய பயனர்கள் குழம்பினர். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு நிரலர், க்னோம் இரண்டின் மூல நிரலை எடுத்துத் தொடர்ந்தார். தென்னமெரிக்கத் தேநீரின் பெயரால் அது மாத்தே எனப்பட்டது. பழைய கே.டி.இ. மூன்று, டிரினிட்டி என்ற பெயரில் உயிர் பெற்றது. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்சும் அவ்வாண்டு க்னோம் மூன்றைக் கடிந்துவிட்டு எக்ஸ்.எஃப்.சி.இ.க்கு மாறினார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் பயனர்களால் தாம் விரும்பியதைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது.

பகுதிகளும் பழுதுகளும்

இச்சூழல்கள் பல சிறு நிரல்களால் ஆனவை என்பதை அறிந்தால் பழுது காண்பது எளிது. எக்ஸ்.எஃப்.சி.இ.யில் சாளர விளிம்பு, பலகம், பின்னணிப் படம் ஆகிய மூன்றையும் மூன்று நிரல்கள் கவனிக்கின்றன. சாளரங்களின் தலைப்புப் பட்டை மட்டும் மறைந்தால், நின்றுபோனது சாளர மேலாளர்; அதை மட்டும் மீண்டும் இயக்கினால் போதும். எல்.எக்ஸ்.டி.இ.யில் பலகம் இருந்து, பின்னணிப் படமும் படவுருக்களும் மறைந்தால் கோப்பு மேலாளரைச் சோதிக்க வேண்டும். அங்கே அவற்றை வரைவது அதுவே.

கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வந்தால், வட்டு நிரம்பியிருக்கலாம். அல்லது பயனரின் வீட்டு அடைவில் உள்ள எக்ஸ் அனுமதிக் கோப்பின் உரிமை மாறியிருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எஃப்3 விசையை அழுத்தினால் எழுத்து முனையம் திறக்கும். அங்கிருந்து இரண்டையும் சரிபார்க்கலாம்.

அதே கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பார்ப்பது மற்றொரு நல்ல சோதனை. புதிய கணக்கில் எல்லாம் ஒழுங்காக இயங்கினால் குறை பழைய கணக்கின் அமைப்புக் கோப்புகளில் உள்ளது. அந்த அடைவை அழிக்காமல் பெயர் மாற்றி வைத்தால், சூழல் இயல்பு நிலையில் தொடங்கும். புதிய கணக்கிலும் அதே பழுது இருந்தால், குறை வரைகலை இயக்கியிலோ நிறுவலிலோ உள்ளது. முழு இயங்குதளத்தையும் மீண்டும் நிறுவுவதற்கு முன் இச்சோதனையைச் செய்தால், பல நேரங்களில் அந்த வேலையே தேவைப்படாது.

தெரிவு செய்தல்

நினைவகம் மிகக் குறைந்த கணினிக்கு ஐஸ்டபிள்யூஎம், ஜே.டபிள்யூ.எம். போன்ற தனிச் சாளர மேலாளர்கள் பொருந்தும். ஆண்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் ஆகியவை இவ்வழியைப் பின்பற்றுகின்றன. அதற்கு மேற்பட்டவற்றுக்கு எல்.எக்ஸ்.க்யூ.டி., எக்ஸ்.எஃப்.சி.இ., மாத்தே ஆகியவை ஏற்றவை. விரலியில் இருந்து நேரடியாக இயக்கிப் பார்த்து, ஒலி, வைஃபை, திரை மூன்றும் சரியாக உள்ளனவா என உறுதி செய்த பின்னரே நிறுவுவது நல்லது. ஒரே கணினியில் பல சூழல்களை நிறுவினால், ஒன்றின் தொடக்க நிரல்கள் மற்றொன்றிலும் ஓடிக் குழப்பம் தரக்கூடும்.

சூழலை மாற்றினால் எல்லாம் விரைவாகிவிடும் என்று எண்ணக் கூடாது. இன்று நினைவகத்தைப் பெரிதும் எடுத்துக்கொள்வது உலாவியே. எளிய சூழல் சில நூறு எம்.பி. மிச்சப்படுத்தும், பத்துத் தாவல்களைத் திறந்தால் அது கரைந்துவிடும். நிலைவட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவது சில கணினிகளில் கூடுதல் பயன் தரும்.

இன்றைய நிலை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் பல உள்ளன. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச மடிக்கணினிகளும் முதுமை அடைந்துவிட்டன. அவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோசுடன் சேர்த்தே தரப்பட்டிருந்தது. இத்தகைய கணினிகளுக்கு எளிய பணிமேடைச் சூழல் இன்னொரு வாய்ப்பு தருகிறது.

எனினும் அவ்வாய்ப்பு எல்லையற்றதன்று. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. எக்ஸ் முறைமையின் இடத்தை, 2008 இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பர்க் தொடங்கிய வேலேண்ட் மெல்ல எடுத்துக்கொண்டு வருகிறது. எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.க்யூ.டி. திட்டங்கள் அதற்கேற்பத் தம்மை மாற்றி வருகின்றன. இப்பணியில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்களே செய்கின்றனர். பழைய கணினிகள் இன்னும் எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்பது வன்பொருளின் உறுதியைப் போலவே அவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது.