வில்னியஸ் ஆய்வுகூடமும் கிறிஸ்பர் வரலாறும்

பரம்பரை அலகுகளைத் திருத்தும் கிறிஸ்பர் முறைக்காக 2020ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு ஜெனிபர் டௌட்னாவுக்கும் இம்மானுவெல் சார்பென்ரியேவுக்கும் வழங்கப்பட்டது. இம்முறையின் வரலாற்றைக் கூறுவோர் பலர் அவ்விருவரோடு நின்றுவிடுகின்றனர். லித்துவேனிய உயிர் இரசாயனவியலாளரான விர்கினியுஸ் ஷிக்ஷ்னிஸ் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே இடம்பெறுகிறார்.

1956இற் பிறந்த ஷிக்ஷ்னிஸ், வில்னியஸ் பல்கலைக்கழகத்திற் கற்று, மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். டி.என்.ஏ.யைக் குறித்த இடங்களில் வெட்டும் நொதியங்களே அவரது நெடுங்கால ஆய்வுப்பொருள். பற்றீரியாக்கள் வைரசுகளை எதிர்ப்பதற்குக் கையாளும் கருவிகள் இவை. எனவே, பாற்பொருள் உற்பத்தியிற் பயன்படும் பற்றீரியாவில் கிறிஸ்பரும் அத்தகைய தற்காப்பு முறையே என டனிஸ்கோ நிறுவன ஆய்வாளர் 2007இல் நிறுவியபோது, அவர் அத்துறைக்குத் திரும்பியதில் வியப்பில்லை.

2011இல் அவரது குழு அப்பற்றீரியாவின் கிறிஸ்பர் தொகுதியை, உறவால் மிகத் தொலைவான ஈ. கோலி பற்றீரியாவுக்கு மாற்றியது. புதிய இடத்திலும் அது பாதுகாப்பளித்தது. அத்தொகுதியின் புரதங்களுள், இன்று காஸ்9 எனப்படும் ஒன்றே அந்நியரை முறியடிக்கப் போதுமானதென்பதும் புலனாயிற்று. அடுத்து, அப்புரதம் ஆர்.என்.ஏ.யின் வழிகாட்டலில் டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் வெட்டுவதைப் பரிசோதனைக் குழாயிற் காட்டினர். ஆர்.என்.ஏ.யை மாற்றினால் வெட்டுமிடமும் மாறியது. பரம்பரை அலகுத் திருத்தத்தின் அடிப்படை இதுவே.

இக்கட்டுரை 2012 ஏப்ரலில் 'செல்' சஞ்சிகைக்கு அனுப்பப்பட்டது. மதிப்பீட்டாளரிடம் செல்லாமலே, ஆசிரியர் மேசையிலிருந்து அது திரும்பிவந்தது. மே மாதம் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகைக்கு அனுப்பப்பட்டு, செப்டெம்பரிலேயே வெளியாயிற்று. இதற்கிடையில் டௌட்னா, சார்பென்ரியே குழுவினரின் கட்டுரை ஜூன் 8இல் 'சயன்ஸ்' சஞ்சிகையை அடைந்து, ஜூன் 28இல் வெளிவந்துவிட்டது. இருபதே நாட்கள்!

இதனைக் கொண்டு அவ்விருவரின் சாதனையைக் குறைத்து மதிப்பிடல் தகாது. காஸ்9 இயங்குவதற்கு இரண்டாவது ஆர்.என்.ஏ. ஒன்றும் இன்றியமையாததெனத் தெளிவுபடுத்தி, இரண்டையும் இணைத்து ஒரே வழிகாட்டியாக ஆக்கியவர்கள் அவர்களே. வில்னியஸ் கட்டுரையில் அது இல்லை. எளிய கருவியாக இம்முறை உலகெங்கும் பரவியதற்கு அதுவே பெருங்காரணம். ஆயினும், வேண்டிய இடத்தில் வெட்டலாம் என்னும் உண்மையை வில்னியஸ் தனித்தே கண்டறிந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

2018இல் காவ்லி பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மூவர் வரை பகிரத்தக்க நோபல் பரிசிலோ மூன்றாம் இடம் வெறுமையாக விடப்பட்டது. அவ்விடத்துக்கு உரியவராகக் கருதத்தக்கோர், மனிதக் கலங்களில் இம்முறை செயற்படுவதை 2013 ஜனவரியிற் காட்டிய பெங் ஜாங் உட்பட, வேறு சிலரும் இருந்தனர்.