செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

பெட்ரோல் என்ஜின் கிளம்பத் தேவையானவை கொஞ்சம்தான். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் சேர வேண்டும். பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்த வேண்டும். அழுத்தம் உச்சத்தை நெருங்கும் நேரத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். நூறாண்டுக்கு மேலாக இந்தப் பட்டியலில் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. ஆனால் கிளம்ப மறுக்கும் காரை ஆராயும் தொழில் மட்டும் தலைகீழாக மாறிவிட்டது என்பார்கள்: காதாலும் மூக்காலும் பழுது பார்த்த மெக்கானிக்கின் காலம் போய், ஸ்கேனரை மாட்டி எண்ணைப் படிக்கும் காலம் வந்துவிட்டதாம். கம்பெனி அனுப்பியபடியே ஓடும் கார்களுக்கு இது பொருந்தும். ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, வேகத்துக்காக அதன் உறுப்புகளை மாற்றியவர்களின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் கார்களில் கோளாறு பெரும்பாலும் பழைய பாகத்திலும் இருப்பதில்லை, புதிதாக மாட்டிய பாகத்திலும் இருப்பதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த இடம் எந்தக் கம்பெனி புத்தகத்திலும் வரையப்படவில்லை. அதனால்தான் அதைத் தேடும் முறையும் பழைய நாளிலிருந்து அதிகம் நகரவில்லை.

தொடக்கத்தில் பழுதுக்குக் குரல் இருந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள் மரப்பெட்டிகளில் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. மின்சாரம் வந்தால் அது துடித்து ரீங்காரமிடும். கைப்பிடியைச் சுற்றும்போது நான்கும் முறைவைத்து ரீங்காரமிட்டால் கரண்ட் பக்கம் குறையில்லை, பெட்ரோல் பக்கம் பார்க்கலாம். ஓடும் என்ஜின் தடுமாறினால், தகடுகளை இரண்டிரண்டாக விரலால் அழுத்திப் பிடித்து எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லா மாடல் டியும் ஒரே மாதிரி இருந்ததால், ஓர் ஊரில் கற்ற வித்தை எந்த ஊரிலும் செல்லுபடியானது. ஆனால் அந்தக் காரையும் விட்டுவைக்கவில்லை வேகப்பித்தர்கள். லூயி ஷெவர்லேயும் அவர் சகோதரர்களும் ஃபிரான்டனாக் என்ற பெயரில் மாடல் டிக்கென்று தனி சிலிண்டர் ஹெட் செய்து விற்றார்கள். அதை மாட்டிய ஒரு ஃபோர்டு 1923 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. அந்த வழியில் போனவர்களில் பலர் காயில் பெட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் வைத்தார்கள். பொறி வலுத்தது, ரீங்காரம் போயிற்று. பழுதைக் காட்டிக்கொடுத்துவந்த சத்தத்தையும் அவர்கள் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள் என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

1932-இல் ஃபோர்டின் வி8 வந்தபின் கலிஃபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஹாட் ராட் என்ற கலாசாரமே எழுந்தது. அலுமினிய ஹெட் போட்டு கம்ப்ரஷனைக் கூட்டுவது அங்கே முதல் வேலை. கூட்டிய கம்ப்ரஷனைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கூடுதல் பலம் தேவை. பேட்டரியோ அதே 6 வோல்ட். மோட்டார் மூச்சுத் திணறி மின்சாரத்தை இழுக்கும்போது காயிலுக்குப் போகும் வோல்டேஜ் சரியும், பொறி நலிந்துபோகும். பார்ப்பவர் கண்ணுக்கு இது இக்னிஷன் கோளாறு. காயிலை மாற்றினாலும், பாயின்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலும் நோய் தீராது. ஏனென்றால் காரணம் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. இன்றைக்கும் எடையைப் பின்பக்கம் தள்ள பேட்டரியை டிக்கிக்கு மாற்றுபவர்கள் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். நீண்ட கேபிள், பெயின்ட்டின் மேல் முடுக்கிய எர்த் போல்ட். பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 12.6 காட்டும், செல்ஃப் அடிக்கும்போது மோட்டாரின் முனையில் வைத்தால் 9-க்குக் கீழே இறங்கும். மீட்டரை எங்கே, எப்போது வைக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்ஜிபியை எடுத்துக்கொள்ளலாம். முதல் சில ஆண்டு வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருந்தது. 1967-இன் இறுதியில் வந்த மாதிரியில்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள். ரேடியோவுக்காகவும் ஆல்டர்னேட்டருக்காகவும் பழைய வண்டிகளைச் சொந்தக்காரர்களே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினார்கள். பேட்டரி வயர்களை இடம் மாற்றினால் மட்டும் வேலை முடியாது, காயிலின் இரு முனைகளையும் மாற்ற வேண்டும். மறந்தாலும் வண்டி உடனே நிற்காது. பொறி திசைமாறி விழும். அதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். பிளக் புதிதாக இருக்கும்வரை சமாளிக்கும், தேய்ந்ததும் படுத்துவிடும். தவறு நடந்த நாளுக்கும் வண்டி நின்ற நாளுக்கும் இடையே மாதக்கணக்கு இருக்கலாம். நடுவில் வண்டி கை மாறியிருக்கலாம். இன்னொருவர் வந்து, பாயின்ட்டுக்குப் பதில் நெகட்டிவ் எர்த்துக்கான எலெக்ட்ரானிக் இக்னிஷனை பாசிட்டிவ் எர்த் வண்டியில் மாட்டுவார். அது அந்த நிமிடமே கருகும். பழியெல்லாம் மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பெனி மேல் விழுந்தது. இருளின் இளவரசன் என்று அந்தப் பெயரைக் கேலி செய்யாத பிரிட்டிஷ் கார்ப் பிரியர் இல்லை. (சென்னை பாடியில் 1961-இல் டிவிஎஸ்ஸோடு கூட்டாகத் தொழில் தொடங்கிய அதே லூக்காஸ்தான்.) கேலியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது, கனெக்டர்கள் எளிதில் பச்சை பூத்தன. ஆனாலும் அந்த வண்டிகளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. சாவியைத் திருப்பியதும் பின்சக்கரத்துப் பக்கமிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓயும். சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பாயின்ட் ஒட்டிக்கொண்டது. சுத்தியல் பிடியால் ஒரு தட்டு. சத்தம் ஓயவே இல்லையென்றால் டேங்கில் பெட்ரோல் இல்லை அல்லது எங்கோ ஒழுகுகிறது. அதை எடுத்துவிட்டுப் புதுப் பம்ப் வைத்தவர் இந்த மூன்று செய்திகளையும் இழந்தார்.

எண்பதுகளில் பழுதுக்கு எண் கொடுத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1981 முதல் தன் கார்களில் வைத்த கம்ப்யூட்டர், டாஷ்போர்டு விளக்கைச் சிமிட்டிப் பேசியது. ஒரு சிமிட்டு, இடைவெளி, இரண்டு சிமிட்டு: 12. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து துடிப்பு வரவில்லை என்பது அதன் பொருள்; என்ஜின் ஓடாதபோது அந்த எண் வந்துதான் ஆகவேண்டும், ஆகவே கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்பதற்கே அதுதான் அத்தாட்சி. 1996 மாடல்களிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற பொதுவான பழுது எண் முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இதெல்லாம் புகையைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதிகள். மெக்கானிக்குக்கு உதவியது உபரி லாபம். எண்ணின் பின்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கார் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருந்தால்தான், இந்த எண்ணுக்கு இந்த வயரைப் பார் என்று புத்தகம் சொன்னது செல்லும். மாற்றியமைத்த காரில் அந்த வயரே இல்லாமல் போயிருக்கும், அல்லது வேறொரு வேலைக்குப் போயிருக்கும்.

1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல சாட்சி. அதன் தொடக்ககால 1.6 லிட்டர் என்ஜினில், உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு கதவு போன்ற தகடு இருந்தது; காற்றின் வேகத்துக்கேற்ப அது திறக்கும். அதே பெட்டிக்குள் சின்னதாக ஒரு சுவிட்சும் உண்டு. காற்று ஓடினால் சுவிட்ச் இணையும், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகும். விபத்தில் என்ஜின் நின்றுவிட்டால் காற்று நிற்கும், பம்பும் நிற்கும், தீப்பிடிக்காது. போஷ் கம்பெனி எழுபதுகளில் கொண்டுவந்த எல்-ஜெட்ரானிக் முறையிலேயே உள்ள ஏற்பாடு இது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்புக்கு வேறு வழியாக மின்சாரம் வரும். டர்போ மாட்டுகிறவருக்கு அந்தக் காற்றுப்பெட்டி தடை. அதைக் கழற்றிவிட்டு, காற்றின் அழுத்தத்தை அளந்து வேலை செய்யும் புது ஈசியூவை, அதாவது என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரை, பொருத்துகிறார். காற்றை அளக்கும் வேலைக்கு மாற்று வந்துவிட்டது; பம்பை ஓட்டும் வேலைக்கு யாரும் வரவில்லை. விளைவு விசித்திரமானது. சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்வரை என்ஜின் பிடிக்கிறது. கையை விட்டதும் செத்துவிடுகிறது. பம்ப் போயிற்று என்று புதுப் பம்ப் வாங்குவார்கள், டியூனிங் சரியில்லை என்று லேப்டாப்பைத் திறப்பார்கள். கனெக்டரில் இரண்டு பின்களை இணைத்தாலே போதும். கொஞ்சம் பொறுப்போடு செய்தால் புது ஈசியூவே பம்பின் ரிலேயை இயக்கும்படி வயர் இழுக்கலாம்.

இதே அறிகுறி கால் நூற்றாண்டுக்கு முந்தைய அமெரிக்கக் கார்களிலும் உண்டு என்பதுதான் வேடிக்கை. அறுபதுகளின் டாட்ஜ், பிளைமத் மஸில் கார்களில் காயிலுக்குப் போகும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும். ரெசிஸ்டர் எரிந்துபோனால், சாவியைப் பிடித்திருக்கும்வரை என்ஜின் ஓடும், விட்டால் நின்றுவிடும். அந்தக் காரில் குறை கரண்டில், மாஸ்டாவில் குறை பெட்ரோலில். பெயரளவில் சம்பந்தமே இல்லாத இரண்டு பழுதுகள். ஆனால் இரண்டையும் திறக்கும் கேள்வி ஒன்று: சாவி ஸ்டார்ட்டிலிருந்து திரும்பும்போது எந்தெந்த வயரில் மின்சாரம் நிற்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கு 1965-ஆம் ஆண்டு காரும் 1990-ஆம் ஆண்டு காரும் ஒன்றுதான். தெரியாதவருக்கு ஸ்கேனர் இருந்தும் பயனில்லை.

இதைப் பழமைப் பித்து என்று தள்ளுகிறவர்கள் ஒரு வலுவான வாதம் வைப்பார்கள். புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் 2001-இல் மெகாஸ்குவர்ட் என்ற மலிவான ஈசியூவை, சொந்தமாகச் சால்டர் செய்துகொள்ளும் பொட்டலமாகவே, வெளியிட்டார்கள். அதன் வழி வந்தவையெல்லாம் கம்பெனி கம்ப்யூட்டரைவிட வெளிப்படையானவை. செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு நொடியையும் பதிவு செய்து வரைபடமாகக் காட்டும். இனி ஊகத்துக்கு என்ன வேலை? வாதம் சரிதான், ஓர் எல்லைவரை. புது ஈசியூ தனக்குச் சொல்லப்பட்டதை நம்புகிறது. கிராங்க் சக்கரத்தில் 36 பல்லில் ஒன்று இல்லை என்று சொன்னால் அப்படியே எண்ணும். இல்லாத பல்லுக்கும் பிஸ்டனின் உச்சிக்கும் இடையே இத்தனை டிகிரி என்று சொன்னால் அதை வைத்தே பொறி விடும். அந்த எண் தவறாக இருந்தால் திரையில் டைமிங் 10 டிகிரி என்று அழகாகக் காட்டும். உண்மையில் பொறி எங்கோ விழும், சைலென்சரில் வெடிக்கும். கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்கள் இடம் மாறினாலும் பதிவில் துடிப்புகள் வரும், சரியான இடத்தில் மட்டும் வராது. இதற்கு மருந்து பழைய டைமிங் லைட்: புல்லியில் வெள்ளைக் கோடு போட்டு, விளக்கை அடித்து, கோடு எங்கே தெரிகிறது என்று கண்ணால் பார்ப்பது. திரை சொல்வதை என்ஜினிடமே கேட்டுச் சரிபார்ப்பது என்று இதைச் சொல்லலாம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. பந்தய அணிகளின் கார்கள் அடிமுதல் நுனிவரை மாற்றப்பட்டவை. அவை ஒழுங்காகக் கிளம்புகின்றனவே, பிறகு மாற்றத்தைக் குற்றம் சொல்வானேன்? மாற்றம் குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே வயரிங் மொத்தமும் புதிதாக வரையப்பட்டிருக்கும், எந்த பாகம் எப்போது மாறியது என்ற ஏடு இருக்கும். சந்தையில் கைமாறும் மாற்றியமைத்த காருக்கு அந்த ஏடு இல்லை. அதனால் அதை ஆராய்கிறவர், நிலம் வாங்குமுன் மூலப் பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்க்கிறவரைப் போல, ஒவ்வொரு கையும் என்ன செய்தது என்று பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. டேப் சுற்றிய வயர், நிறம் மாறிய வயர், எங்கும் போகாமல் நிற்கும் ரிலே, இவைதான் அங்கே ஆவணங்கள். என்ஜினைத் தொடுவதற்கு முன் இவற்றைப் படிக்கிறவரே சீக்கிரம் வேலையை முடிக்கிறார்.

எல்லா பாகமும் நலமாக இருந்தும் வண்டி வேண்டுமென்றே மறுக்கும் நிலையும் இந்த வரலாற்றில் உண்டு. 1986 கார்வெட்டின் சாவியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பதித்தார்கள். 15 மதிப்புகளில் ஒன்று. மதிப்பு பொருந்தாவிட்டால் திருடன் என்று கொண்டு சில நிமிடம் வண்டி கிளம்பாது. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு, சரியான சாவி இல்லாமல் என்ஜினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசர் கட்டாயமானது. இந்தத் திருட்டுத் தடுப்பு, வேறு கார்களின் என்ஜினை மாற்றிப் பொருத்துகிறவர்களின் வாசலில் வந்து நின்றது. 1997 கார்வெட்டில் பிறந்த எல்எஸ் வகை வி8 இன்று மாஸ்டா, நிசான் ஸ்போர்ட்ஸ் கார்களின் பானட்டுக்குள் ஏராளமாக ஏறியிருக்கிறது. அதனோடு வரும் கம்ப்யூட்டர், காயலான் கடையிலேயே தங்கிவிட்ட ஒரு பெட்டியிடமிருந்து சாவி சரி என்ற செய்திக்குக் காத்திருக்கும். செல்ஃப் சுற்றும், பம்ப் ஓடும், பிளக்கில் பொறி விழும். இன்ஜெக்டர் மட்டும் திறக்காது. அனுபவமுள்ளவர்கள் என்ஜினை இறக்கி வைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரின் மென்பொருளைத் திறந்து அந்தக் கேள்வியை அழித்துவிடுகிறார்கள். சொந்தக் காரின் மென்பொருளைப் பழுதுபார்க்கவும் முறையாக மாற்றியமைக்கவும் உடைத்துத் திறக்கலாம் என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு கிடைத்தது 2015-இல்தான். அதற்குள் அந்த என்ஜினுக்கு 18 வயதாகியிருந்தது.