முப்பரிமாண நுண்படப் பகுப்பாய்வில் ஃபூரியர் உருமாற்றம்

எந்த உருவத்தையும் பல அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டும் கணித முறை ஃபூரியர் உருமாற்றம். வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்து பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியர் 1822இல் வெளியிட்ட நூலில் இதன் வேர் இருக்கிறது. வைரஸ்களின் முழு உருவைக் காண அது கைகொடுத்தது 1960களில்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கதிர்கள் மாதிரியை ஊடுருவிச் செல்வதால், அதன் முன்புறமும் பின்புறமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படத்தில் விழுகின்றன. கேம்பிரிட்ஜில் ஆரோன் குளுக் இந்தப் படத்தகடுகளின் ஊடே ஒளியைச் செலுத்தி விளிம்பு விளைவுக் கோலத்தைப் பார்த்தார். சீராகத் திரும்ப வரும் அமைப்பு கூர்மையான புள்ளிகளாகத் தெரிந்தது. இரைச்சல் எங்கும் மங்கலாகப் பரவிக் கிடந்தது. சுருள் வடிவத் துகளின் இரு புறங்களும் வெவ்வேறு புள்ளிகளைத் தந்தன. ஒரு புறத்துக்குரிய புள்ளிகளுக்கு மட்டும் துளையிட்ட தகட்டை வைத்து, அந்தப் புறத்தின் படத்தைத் தனியே மீட்டார்.

1968இல் அவரும் டேவிட் டெரோசியரும் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் வாலை முப்பரிமாணத்தில் மீட்டெடுத்தார்கள். அடிப்படை எளிது, ஆனால் வியக்கத்தக்கது: ஒரு தட்டையான படத்தின் ஃபூரியர் உருமாற்றம், முழுப் பொருளின் முப்பரிமாண உருமாற்றத்தில் மையத்தின் வழியே செல்லும் ஒரு வெட்டுத்தளமே. பல கோணப் படங்களால் அந்த வெளியை நிரப்பித் திருப்பி உருமாற்றினால் பொருள் கிடைத்துவிடும். டி4 வாலின் சுருளில் மூலக்கூறுகள் பல கோணங்களில் திரும்பி நிற்பதால் ஒரே படம் போதுமானதாயிற்று. மற்றவற்றுக்கு எத்தனை படம் தேவை என்பதையும் இவர்களும் ஆர். ஏ. க்ரௌதரும் 1970இல் கணக்கிட்டார்கள். ஒரே அச்சைச் சுற்றிச் சம இடைவெளிக் கோணங்களில் எடுத்தால், 30 நானோமீட்டர் துகளில் 3 நானோமீட்டர் நுணுக்கம் பெற ஏறத்தாழ 31 படங்கள் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் அமைப்பைக் கண்ட ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் 1971இல் ஃபூரியர் உருமாற்றம் இல்லாமலே உருவை மீட்கும் சுருக்கு வழியைத் தந்தார். சி.டி. ஸ்கேன் துறையில் அவர்கள் பெயரால் வழங்கும் வடிகட்டி இன்றும் இருக்கிறது.

இரைச்சலைக் குறைக்கப் பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. வெறும் இரைச்சல் படங்களை ஐன்ஸ்டைன் படத்தோடு பொருத்திச் சேர்த்தால் ஐன்ஸ்டைன் முகமே தோன்றும். இதைக் கண்டுபிடிக்கவும் ஃபூரியர் வெளிதான் உதவுகிறது. தரவை இரண்டாகப் பிரித்து, தனித்தனியே உரு அமைத்து, நுணுக்க அளவுவாரியாக இரண்டும் எதுவரை ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறார்கள். என் மதிப்பீட்டில், உருவை மீட்டதற்கு நிகரான கொடை இந்தச் சோதனை. அப்போஃபெர்ரிட்டின் புரதத்தில் தனித்தனி அணுக்களைப் பிரித்துக் காட்டிய 2020ஆம் ஆண்டு ஆய்வுகளின் நுணுக்கமும் இவ்வகை ஒப்பீட்டால்தான் அளக்கப்பட்டது.