கஞ்சரின் கொடை

திருவரங்கத்துக் கோவிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உண்டு. மருத்துவத்துக்கென்று ஒரு கடவுள்! ஆனால் அக்கோவிலின் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கடவுளோடு நில்லாமல், ஆரோக்கியசாலை ஒன்றைப் பற்றியும் பேசுகிறது. அரங்கன் காலடியிலேயே வாழ்ந்தவர்க்கும் காய்ச்சல் வந்தால் கசாயம் தேவைப்பட்டிருக்கிறது! கல்லில் வெட்டி வைத்த வாக்குமூலம் இது. நாம் சொன்னால் நாத்திகம் என்பார்கள்.

மருத்துவத்துக்குப் பொருள் கொடுப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. கொடுத்த பொருள் யாரைச் சென்று சேர்ந்தது என்பதே நம் கேள்வி. காஞ்சிக்கு அருகே, பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. பதினொன்றாம் நூற்றாண்டினது. மாதவன் தாமயன் என்னும் வணிகன் எடுப்பித்த சனநாத மண்டபம் அதில் வருகிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் வருகிறது. மருத்துவன், அறுவை செய்வோன், மூலிகை கொணர்வோர், மருந்து அடும் பெண்டிர், நாவிதன், நீர் கொணர்வோன் என்று ஏற்பாட்டில் குறையே இல்லை. வியக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படுக்கைகளில் படுத்தவர் யார்? வேதம் ஓதிய மாணாக்கரும் கோவில் பணியாளரும்! உழுது நெல் அளந்தவனுக்கு அங்கே பாய் விரித்ததாகக் கல்வெட்டு கூறவில்லை.

எட்டரை நூற்றாண்டு கடந்தது. நிலைமை மாறிற்றா? 1904இல் ஈரோட்டு வணிகர் வெங்கட்ட நாயக்கரின் மகன், தந்தையோடு மனம் வேறுபட்டுக் காசிக்குப் போனார். பசியோடு ஒரு சத்திரத்தின் வாயிலில் நின்றார். பார்ப்பனர்க்கு மட்டுமே சோறு என்று வெளியே தள்ளப்பட்டார். எச்சில் இலையில் எஞ்சிய சோற்றை உண்டு பசி தீர்த்தார். அச்சத்திரத்தைக் கட்டியவர் யாரென்று பார்த்தால், தென்னாட்டுத் திராவிட வணிகர் ஒருவர்! பணம் நம்மவர் பணம், பந்தி பிறருக்கு. அந்த மகன் யாரென்று நம் தோழர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

பெரியாரைச் சீர்திருத்தக்காரர் என்று அறிந்த அளவுக்கு வணிகர் என்று நாம் அறிந்திருக்கவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, சிறுவயதிலேயே மண்டியில் அமர்ந்தவர் அவர். மண்டியே பின்னர் அவர் பெயரில் நடந்தது. வைணவப் பற்று மிகுந்த அவர் இல்லத்தில் பாகவதர்களுக்கும் பண்டாரங்களுக்கும் விருந்து ஓய்ந்ததில்லை. ஈரோட்டைப் பிளேக் தாக்கியபோதோ ஊரார் ஓடினர். இவர் நின்று பிணம் சுமந்தார். அறத்துக்கு அவர் கண்ட பொருள் அங்கேயே விளங்கிவிட்டது.

ஆனால் அவருக்குக் கிடைத்த பட்டம் என்ன? கஞ்சர்! கையெழுத்துக்குக் காசு, படம் எடுத்தால் காசு, குழந்தைக்குப் பெயர் சூட்டினால் காசு. மாலை எதற்கு, அந்தப் பணத்தைக் கொடுங்கள் என்று மேடையிலேயே கேட்டவர் அவர். மாற்றார் மட்டுமா நகைத்தனர்? நம்மவர் சிலரும் நகைத்தனர். 1949இல் கழகம் பிளந்த வேளையில் சொத்து என்ற சொல் எத்தனை வாய்களில் எவ்வளவு கசப்போடு உருண்டது என்பதை மறைப்பது நேர்மையன்று.

அப்படிச் சேர்ந்த காசு திருச்சியில் கணக்குச் சொல்லியது. 1959இல் நாகம்மையார் பெயரால் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் எழுந்தது. 1965இல் தோன்றிய அரசினர் கல்லூரிக்கு ஐந்து இலட்ச ரூபாய்க்குமேல் போயிற்று. புத்தூரில் உள்ள அரசினர் மருத்துவமனைக்கு, குழந்தைகள் பிரிவுக்கென, ஓர் இலட்ச ரூபாய் சென்றது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் மாதம் இருநூறு ரூபாயைக் கண்ணால் காணாத காலத்து இலட்சம் அது!

தொகையைவிட, அது போய்ச் சேர்ந்த இடம் நம்மை ஈர்க்கிறது. தம் இயக்கத்துக்கென்று தனியே ஒரு மருத்துவமனை எழுப்பி, வாயிலில் தம் தொண்டரை நிறுத்தியிருக்கலாம். அரசிடம் கொடுத்தார். எந்த அரசை ஓயாது கண்டித்தாரோ அதே அரசிடம்! காரணம் அரிதன்று. அரசினர் மருத்துவமனையின் வாயிலில் நின்று, நீ என்ன சாதி என்று கேட்க எவனுக்கும் உரிமையில்லை. காசியில் பசித்த வயிறு அதை மறந்திருக்குமா?

அதே மருத்துவமனையோடு இணைந்து 1997இல் எழுந்த அரசு மருத்துவக் கல்லூரி, மற்றொரு திருச்சி வணிகரான கி.ஆ.பெ. விசுவநாதத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீதிக்கட்சியில் உழைத்தவர், 1938இல் இந்தி எதிர்ப்பில் முன்னின்றவர், தமிழ் மருத்துவத்துக்காக வாதாடியவர். தொழிலோ புகையிலை வணிகம். புகையிலை விற்றவர் பெயரில் மருத்துவக் கல்லூரியா என்று நகைப்போர் நகைக்கட்டும்; நமக்கும் சிறிது நகை வருகிறது.

காவிரிப் பாலத்தைக் கடந்து, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, திருவரங்கத்திலிருந்தும் தாய்மார் புத்தூர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். வடம் பிடிப்பவர் வீட்டுப் பிள்ளையும் வரும், வேதம் ஓதுபவர் வீட்டுப் பிள்ளையும் வரும். நாத்திகன் காசு கலந்த கட்டில் என்று எந்தத் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.