தொட்டுக் கற்றல்: வகுப்பறையும் அருங்காட்சியகமும் அறிவியல் மையமும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அறிவியல் கல்வியின் வரலாறு. கல்வி உரிமை பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். உதவித்தொகைக்காகவும் விடுதிக்காகவும் இடஒதுக்கீட்டுக்காகவும் போராடியிருக்கிறோம். ஆனால், அறிவியலை எங்கே கற்றோம், எங்கே கற்க விடாமல் நிறுத்தப்பட்டோம் என்று தனியாக எடுத்துப் பார்த்தது குறைவு. அப்படிப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. செய்யுளைத் தள்ளி நின்று காதால் கேட்டும் கற்றுவிடலாம். வேதியியலைத் தள்ளி நின்று கற்க முடியாது. குடுவையைக் கையில் எடுக்க வேண்டும். தராசைத் தொட வேண்டும். எல்லோரும் கழுவும் குழாயிலேயே கழுவ வேண்டும். தீண்டாமையோ தொடுதலின் மீது போடப்பட்ட தடை. எனவே நம் மக்களின் அறிவியல் கல்வி வரலாற்றை, யார் எதைத் தொடலாம் என்ற கேள்வியின் வரலாறாகவே நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறையிலிருந்து தொடங்குவோம். சதாரா பள்ளியில் சிறுவன் பீமராவ் கோணிச் சாக்கில் தனியே உட்கார்ந்ததையும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்ததையும் நாம் எல்லோரும் அறிவோம். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டும்படி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். சாதி இந்து மாணவர்கள் பதறி எழுந்து ஓடுகிறார்கள். அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் கரும்பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் பலகையைத் தொடுமுன் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். கணக்கு தெரியுமா என்பது அந்த வகுப்பில் இரண்டாவது கேள்வியாகிவிட்டது. தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் பஞ்சமர் பள்ளிகளுக்கு அரசு தனிக் கவனமும் மானியமும் தரும் ஆணை 1893இல் வந்தது. மறு ஆண்டே கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அந்த முயற்சிகளோடு உறவு கொண்டிருந்தார். அவரே சித்த மருத்துவர். மூலிகையைக் கையால் எடுத்து, இடித்து, காய்ச்சி அறிந்தவர். அவரோடு தமிழ்ப் பௌத்த இயக்கத்தில் இணைந்து நின்ற இன்னொருவரை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு (1861–1934). சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியலும் வேதியியலும் கற்பித்தவர். அவர் 1907இல் வெளியிட்ட ஆங்கில நூல் பௌத்தத்தைப் பகுத்தறிவின் வழியில் விளக்கியது. அந்த நூலை 1948இல் அண்ணல் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார். பௌத்தத்துக்கு நம்மை அழைத்த குரல்களில் ஒன்று ஆய்வகத்திலிருந்து வந்த குரல் என்பது தற்செயலானதன்று. எதையும் சோதித்துப் பார்த்து ஏற்பது என்ற பழக்கத்தை நரசு இரண்டு இடங்களிலும் கைக்கொண்டார்.

பள்ளி மூடிய கதவாக இருந்த காலத்தில் கொஞ்சம் திறந்திருந்த கதவு அருங்காட்சியகம். சென்னை அருங்காட்சியகம் 1851இல், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியது. 1854இல் எழும்பூருக்கு இடம் மாறியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் உயிருள்ள விலங்குகளையும் அங்கே வைத்தார். பார்க்க வந்த கூட்டம் பெருகியது. பின்னர் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. கல்லூரிக் கட்டடத்தில் பிறந்ததால் சென்னை மக்கள் இரண்டுக்கும் தாங்களே பெயர் வைத்தார்கள். பாடம்செய்த உடல்கள் இருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. விலங்குகள் இருந்த இடம் 'உயிர் காலேஜ்'. கல்லூரி வாசலை மிதித்திராத உழைக்கும் மக்கள் சென்றுவந்த காலேஜ்கள் அவை.

அதே கட்டடத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் இடுக்கியும் கொண்டு தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. மூக்கு அகன்றால் சமூகப் படியில் தாழ்வு என்பது அன்றைய அதிகாரிகளில் ரிஸ்லி போன்றோரின் கோட்பாடு. தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பறையரும் பள்ளரும் சக்கிலியரும் பழங்குடியினரும் அளவுகளாகவும் வழக்கங்களாகவும் அடுக்கப்பட்டார்கள். அதன் முன்னுரையில் அவரே ஒரு செய்தி சொல்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உருவங்களாகத் தேர்ந்தெடுத்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று அஞ்சினார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாக எழுதினார். நாம் அப்படி வாசிக்க முடியாது. செத்த காலேஜில் தங்களுக்கு என்ன இடம் காத்திருக்கிறது என்பதை அந்தப் பெண்கள் சரியாகவே ஊகித்தார்கள். ஊர் தொட மறுத்த உடலை அறிவியல் தொட்டது; அளப்பதற்காக மட்டும் தொட்டது.

அந்த அளவுகளுக்குப் பதில் நம் பக்கத்திலிருந்தே வந்தது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில், குர்யே தொகுத்த மூக்குக் குறியீடுகளை எடுத்து மாகாணவாரியாக ஒப்பிட்டார். பார்ப்பனரையும் தீண்டப்படாதவரையும் வேறு வேறு இனம் என்று பிரிக்க அந்த எண்கள் இடம் தரவில்லை என்று காட்டினார். மானுட அளவையியல் உண்மையில் அறிவியல் என்றால், தீண்டாமைக்கு இன அடிப்படை இல்லை என்பதே அதன் முடிவு. அளக்கப்பட்டவர்களின் பிள்ளை அளவுகோலைக் கையில் வாங்கி, அளந்தவர்களின் கணக்கைச் சரிபார்த்த இடம் இது. அறிவியல் கல்வி நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1946இல், அவர் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி கலைக் கல்லூரியாக மட்டும் இல்லாமல் கலை அறிவியல் கல்லூரியாகத் தொடங்கப்பட்டதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

தொட மறுக்கப்பட்டவர்கள் எதையுமே தொடாமல் இருந்தார்களா? ஊர் தொட அஞ்சியதை எல்லாம் அவர்கள் தலையிலேயே கட்டியது சாதி. செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் பதனிட்டார்கள். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகவிடாமல் காக்கிறது. இது வேதியியல். பறையைத் தீயில் காய்ச்சும்போது தோலின் ஈரம் போகிறது, இழுவிசை கூடுகிறது, அதிர்வெண் ஏறுகிறது. இது இயற்பியல். மிருதங்கத்தின் வலந்தலையில் கருஞ்சாந்தை அடுக்கடுக்காகத் தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் தேய்த்துச் சுருதி சேர்ப்பவர்கள் தோல்தொழில் செய்யும் நம் கைவினைஞர்கள். அந்தக் கருஞ்சாந்தால்தான் இந்தியத் தோல்கருவி இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்பதை 1920இல் சர் சி. வி. ராமன் ஆராய்ந்து எழுதினார். ஆய்வாளருக்குப் புகழ் சேர்ந்தது நியாயமே. கண்டறிந்த கைகளுக்கு என்ன சேர்ந்தது? சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவானது. ஆய்வகத்துக்குள் போனதும் தோல் அறிவியலானது. சேரியில் இருந்தவரை அது தீட்டாகவே இருந்தது.

அருங்காட்சியகங்களில் 'தொடாதீர்கள்' என்ற பலகை வழக்கமானது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்புளோரடோரியம் அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கியது. அங்கே கருவிகளைத் திருப்பி, இழுத்து, சுழற்றித்தான் கற்க வேண்டும். இந்தியாவில் கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இல் திறந்தது; 1965 முதல் அதன் கண்காட்சிப் பேருந்து ஊர்களுக்குப் போனது. 1978இல் அறிவியல் அருங்காட்சியகங்களுக்கான தேசியக் குழு உருவானது. அதன் மாவட்ட அறிவியல் மையம் 1987இல் திருநெல்வேலியில் வந்தது. சென்னைக் கோட்டூர்புரத்தில் பெரியார் பெயரில் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. தொடு என்று சொல்லும் இடத்துக்குப் பெரியார் பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அங்கே போய்ச் சேருவது யார்? நுழைவுச்சீட்டும் பேருந்துக் காசும் கட்டி வருகிற பள்ளிகளின் வரிசையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் வண்டி எத்தனை முறை நிற்கிறது? ஆய்வக அறையைப் பூட்டி வைத்து, கருவிகளின் பெயரை மட்டும் எழுதிப்போடும் வகுப்புகளை நாம் பார்த்திருக்கிறோம்.

மையம் கட்டினால் மட்டும் போதாது என்பதையும் திருநெல்வேலியே சொல்கிறது. அந்த மாவட்டத்து மாணவர்கள் சாதிவாரியாக நிறம் பிரித்துக் கையில் கயிறு கட்டிப் பள்ளிக்கு வந்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை, அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஊசலை ஆட்டிப் பார்க்கும் கையிலேயே சாதிக் கயிறும் கட்டியிருக்கிறது. ஊசலின் விதியைக் கற்ற பிள்ளைக்குக் கயிற்றின் பொய்யைச் சொல்லித்தராத அறிவியல் கல்வி பாதிக் கல்விதான். ஐதராபாத்தில் கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத ஆசைப்பட்ட ரோகித் வெமுலாவை 2016இல் இழந்தோம். அந்த ஆசைக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் போனது.

எனவே இந்த மேடையிலிருந்து நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. நலப் பள்ளிகள் அனைத்திலும் ஆய்வகம் வேண்டும். அதன் சாவி மாணவர்கள் கேட்டால் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நல விடுதிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது அரசுச் செலவில் அறிவியல் மையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மையங்களில் தோல் பதனிடுதலும் பறையும் மிருதங்கமும், அவற்றைச் செய்தவர்கள் யார் என்ற குறிப்போடு, தொட்டு அறியும் காட்சிகளாக வைக்கப்பட வேண்டும். எழும்பூரில் தர்ஸ்டன் நடத்திய அளவெடுப்பின் வரலாறும், அதற்கு அம்பேத்கர் தந்த மறுப்பும் ஒரே சுவரில் அடுத்தடுத்து எழுதப்பட வேண்டும். ஓடிப்போன அந்தப் பணியர் பெண்களின் பேத்திகள் வந்து அதை வாசிக்கட்டும்.